கருங்கல் எங்கே பிறந்தது

எங்கள் லயத்துக்கு, அதாவது தோட்டத்து வரிசை வீடுகளுக்குப் பின்னால், தேயிலை மலைக்கு ஏறும் பாதையோரத்தில், யானை ஒன்று படுத்திருப்பது போல ஒரு கல் கிடந்தது. நான் ஆறாம் ஆண்டில் படித்தபோது, பாதையை அகலமாக்குவதற்காக அதை உடைக்கும் வேலை பெரியப்பாவிடம் வந்தது. லயம் பக்கத்தில் இருந்ததால் வெடி வைக்க முடியாது. ஆகவே கவ்வாத்து வெட்டிய மலையிலிருந்து மிலாறு என்னும் காய்ந்த தேயிலைக் கொப்புகளைச் சுமந்து வந்து, கல்லின் மேல் அடுக்கி, ஓர் இரவு முழுவதும் எரித்தார்கள். விடியற்காலையில் பீலியிலிருந்து குடம் குடமாகத் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றியபோது, கல்லின் உள்ளே எங்கோ ஆழத்தில் எலும்பு முறிவது போன்ற ஒரு சத்தம் கேட்டது. அதன் பிறகு உளியும் ஆப்பும் சம்மட்டியும் வேலையைத் தொடர்ந்தன. “கல்லுக்கு ஓட்டம் இருக்குப்பா. ஓட்டம் பாத்து அடிச்சா அதுவா வாயத் தொறக்கும். குறுக்க அடிச்சா கை வலிதான் மிச்சம்,” என்றார் பெரியப்பா. உடைந்த முகத்தில் வெளிர் நிறமும் கரு நிறமும் மாறி மாறி வரி வரியாக ஓடியதை நான் அன்றுதான் முதன்முதலில் கவனித்துப் பார்த்தேன்.

அதே வருடம் பாடசாலையில், பாறைகள் மூன்று வகைப்படும் என்றும், அவற்றுள் தீப்பாறைக்கு உதாரணம் கருங்கல் என்றும் எழுதிக்கொண்டோம். எங்கள் வீட்டு அம்மியும், கோயில் படியும், பெரியப்பா உடைத்த கல்லும் எல்லாமே கருங்கல்தான். எனவே எங்கள் மலை முழுவதும் நெருப்புக் குழம்பாக இருந்து இறுகியது என்றே நான் நம்பினேன். பேராதனைப் பல்கலைக்கழகத்தில் புவிச்சரிதவியல் படிக்கச் சென்று, 0.03 மில்லிமீற்றர் தடிப்புக்குத் தேய்க்கப்பட்ட ஒரு கல் சீவலை நுணுக்குக்காட்டியின் கீழ் வைத்துப் பார்த்த பிறகுதான் அந்த நம்பிக்கை கலைந்தது. கலைந்த இடத்தில் வந்து சேர்ந்த உண்மை இன்னும் பெரிதாக இருந்தது. இன்று மலையகத்துப் பாடசாலை ஒன்றில் புவியியல் கற்பிக்கும் எனக்கு, அதைத் தமிழில் ஒழுங்காக எழுதிவைக்க வேண்டும் என்ற எண்ணம் நெடுநாளாக உண்டு.

தீப்பாறை என்ற சொல்லே முதலில் ஒரு தவறான காட்சியை மனத்தில் உண்டாக்குகிறது. பூமிக்குள் எங்கும் நெருப்புக் குழம்பு கொதித்துக்கொண்டிருப்பதாகவும், மேலோடு அதன் மேல் பாலாடை போல மிதப்பதாகவும் பலர் நினைக்கிறார்கள். உண்மையில் மேலோட்டுக்குக் கீழே உள்ள மூடகம் ஏறக்குறைய முழுவதும் திண்மமானது. கண்டப் பகுதிகளில் ஒரு கிலோமீற்றர் கீழே இறங்கும்போது வெப்பம் ஏறத்தாழ 25 முதல் 30 பாகை செல்சியஸ் வரை கூடுகிறது என்பது உண்மையே. ஆனால் ஆழம் கூடும்போது அமுக்கமும் கூடுகிறது, அமுக்கம் கூடக்கூடப் பாறையின் உருகுநிலையும் மேலே ஏறிவிடுகிறது. வெப்பம் துரத்த, உருகுநிலை எட்டாமல் ஓடிக்கொண்டே இருக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம்.

அப்படியானால் பாறைக்குழம்பு எப்படித்தான் உண்டாகிறது? இதில் என்னை இன்றும் வியக்கவைப்பது, கூடுதலாக ஒரு பாகை வெப்பம்கூட ஊட்டாமலேயே பாறையை உருக்க முடியும் என்பதுதான். பூமியின் மேற்புறம் பெரும் தட்டுகளாகப் பிரிந்திருக்கிறது; கடல் நடு முகடுகளில் அந்தத் தட்டுகள் விலகும்போது, கீழிருந்து சூடான மூடகப் பாறை மேலெழுகிறது. மேலெழும்போது அதன் மேலிருந்த அமுக்கம் குறைகிறது. குறைந்த அமுக்கத்தில் உருகுநிலை தாழ்ந்து வந்து பாறையின் வெப்பத்தைத் தொடும் இடத்தில் அது உருகத் தொடங்குகிறது. மற்றொரு வழி நீர். இந்தோனேசியாவின் கீழே நடப்பது போல ஒரு கடற்றட்டு இன்னொரு தட்டின் அடியில் அமிழும்போது, அது சுமந்து சென்ற நீர் கனியங்களிலிருந்து விடுபட்டு மேலேயுள்ள மூடகத்தில் ஊறுகிறது. நீர் கலந்த பாறை, உலர்ந்த பாறையைவிட மிகக் குறைந்த வெப்பத்திலேயே உருகிவிடுகிறது. நேரடியாகச் சூடேற்றி உருக்குவது மூன்றாவது வழி. மூடகத்திலிருந்து வந்த சூடான குழம்பு கண்ட மேலோட்டின் அடியில் தேங்கி, அங்குள்ள பழைய பாறைகளை உருகச் செய்கிறது. கிரனைட்டின் பெரும் பகுதி இவ்வாறு மேலோடு உருகியதில் பிறந்ததே.

பாறை ஒருபோதும் முழுவதுமாக ஒரே வேளையில் உருகுவதில்லை. அதிலுள்ள கனியங்களில் எளிதில் உருகக்கூடியவை முதலில் குழம்பாகி வெளியேறும். மற்றவை திண்மமாகவே பின்தங்கும். ஆகவே வெளியேறிய குழம்பு, தாய்ப் பாறையின் நகலாக இருப்பதில்லை. மூடகப் பாறையான பெரிடொடைட் ஓரளவு மட்டும் உருகும்போது கிடைப்பது, பசால்ட் என்ற கரும் எரிமலைப் பாறையைத் தரும் குழம்பு. தாயும் பிள்ளையும் ஒரே குடும்பம், ஆனால் வேறு வேறு ஆட்கள்.

இலங்கை எந்தத் தட்டின் விளிம்பிலும் இல்லை. அதன் அடியில் இன்று மூடகம் மேலெழவும் இல்லை. அதனால் இங்கே எரிமலை கிடையாது. சிவனொளிபாதமலையின் கூர்மையான கூம்பு வடிவத்தைப் பார்த்துவிட்டு, அது அணைந்துபோன எரிமலை என்று உறுதியாகச் சொல்பவர்களை மஸ்கெலியாப் பக்கம் பல முறை சந்தித்திருக்கிறேன். 2,243 மீற்றர் உயரமான அந்தக் கூம்பைச் செதுக்கியது மழையும் காலமும். எரிமலைக்குழம்பின் ஒரு துளிகூட அதில் இல்லை. அதன் பாறை நம் வீட்டுக் கருங்கல்லின் உறவுதான்.

குழம்பு இறுகுவதைப் பற்றிச் சொல்ல வேண்டுமானால் ஸ்கொட்லாந்துக்குப் போக வேண்டும். 18ஆம் நூற்றாண்டின் இறுதியில், ஜெர்மனியின் வெர்னரைப் பின்பற்றியவர்கள், கிரனைட்டும் பசால்ட்டும் ஆதிக் கடலின் நீரிலிருந்து படிந்தவை என்று கற்பித்துவந்தார்கள். எடின்பரோவைச் சேர்ந்த ஜேம்ஸ் ஹட்டன் அதை ஏற்கவில்லை. (அவருடைய பெயரையும் எங்கள் நகரத்தின் பெயரையும் தமிழில் ஒரே எழுத்துகளால் எழுதுகிறோம்; இரண்டுக்கும் தொடர்பில்லை என்றாலும், மாணவர்களுக்கு அவர் பெயர் மறப்பதே இல்லை.) 1785ஆம் ஆண்டு கிளென் டில்ட் என்ற பள்ளத்தாக்கின் ஆற்றுப் படுகையில், சிவந்த கிரனைட் நரம்புகள் கரும் பாறையைக் குறுக்காகப் பிளந்து ஊடுருவியிருப்பதை அவர் கண்டார். ஒரு பாறை இன்னொன்றின் விரிசல்களுக்குள் பாய வேண்டுமானால், அது பாயும் நிலையில், அதாவது உருகிய நிலையில், இருந்திருக்க வேண்டும். பாய்ந்தது, பாயப்பட்டதைவிட இளையதாகவும் இருக்க வேண்டும். சூடான குழம்பு இறுகினால் கண்ணாடியாகத்தானே ஆகும், படிகங்கள் எப்படி வரும் என்று எதிர்த் தரப்பு கேட்டது. அதற்கு விடை கண்டவர் ஹட்டனின் இளம் நண்பர் ஜேம்ஸ் ஹோல். லீத் நகரத்துக் கண்ணாடி ஆலை ஒன்றில், தற்செயலாக மிக மெதுவாக ஆறிய கண்ணாடிக் குழம்பு ஒளி ஊடுருவாத படிகக் கட்டியாக மாறியிருந்ததையும், அதையே மீண்டும் உருக்கி வேகமாக ஆற்றியபோது திரும்பவும் கண்ணாடியானதையும் அறிந்த அவர், பசால்ட்டை உலையில் உருக்கி அதே சோதனையைச் செய்தார். வேகமாக ஆறியது கண்ணாடியாயிற்று. மெதுவாக ஆறியது மீண்டும் கல்லாயிற்று. மூத்தவர் மீதிருந்த மரியாதையால், ஹட்டன் இறந்த பிறகே, 1798இல், தம் முடிவுகளை அவர் முன்வைத்தார்.

தீப்பாறைகளைப் பிரிக்கும் முதல் அளவுகோல் அந்த உலையிலிருந்து வந்ததுதான். பல கிலோமீற்றர் ஆழத்தில் சிக்கிய குழம்புக்கு மேலேயுள்ள பாறை கம்பளி போர்த்தியது போல இருக்கிறது. அது ஆறப் பல்லாயிரம், சில வேளைகளில் பல இலட்சம் ஆண்டுகள் ஆகும். அணுக்கள் தமக்குரிய இடம் தேடிச் சென்று சேர அவகாசம் கிடைப்பதால், வெறும் கண்ணுக்குத் தெரியும் அளவுக்குப் படிகங்கள் வளர்கின்றன. இவை ஆழத் தீப்பாறைகள். தரைக்கு வந்து காற்றிலோ நீரிலோ ஆறிய எரிமலைப் பாறைகளில் படிகங்கள் கண்ணுக்குப் புலப்படாதவாறு நுண்மையாக இருக்கும். அவகாசமே கிடைக்காதபோது ஒப்சிடியன் என்ற எரிமலைக் கண்ணாடி உண்டாகும். வாயு நுரைத்தபடியே இறுகினால், பாதம் தேய்க்கக் கடைகளில் விற்கப்படும் நுரைக்கல். நுண்மணிகளுக்கு நடுவே பெரிய படிகங்கள் பதிந்திருந்தால், அந்தக் குழம்பு ஆழத்தில் சிறிது காலம் தங்கி மெதுவாக ஆறிவிட்டு, பிறகு திடீரென மேலே வந்திருக்கிறது என்று பொருள்.

இரண்டாவது அளவுகோல் அது எதனால் ஆனது என்பது. நிறையில் 63 சதவீதத்துக்கு மேல் சிலிக்கா உள்ளவற்றை அமிலப் பாறைகள் என்றும், 52 முதல் 63 வரை இடைநிலை என்றும், 45 முதல் 52 வரை மூலப் பாறைகள் என்றும், அதற்கும் கீழே மீமூலப் பாறைகள் என்றும் அழைப்பது பழைய வழக்கம். அமிலம் என்ற சொல்லைக் கேட்டு நாக்கில் புளிக்கும் ஒன்றை நினைக்கக் கூடாது. அது பழைய வேதியியலின் எச்சம், அவ்வளவுதான். சிலிக்கா மிகுந்தது ஆழத்தில் இறுகினால் கிரனைட், மேலே வந்து இறுகினால் ரயோலைட். இடைநிலைக் குழம்பு ஆழத்தில் டயோரைட், மேலே அண்டிசைட். மூலக் குழம்பு ஆழத்தில் கப்ரோ, மேலே பசால்ட். நம் அண்டை நாட்டின் தக்காணப் பீடபூமியை ஏறத்தாழ 6 கோடியே 60 இலட்சம் ஆண்டுகளுக்கு முன் மூடிய பாறை இந்தப் பசால்ட்தான். சிலிக்கா கூடினால் குழம்பு பாகு போலக் கெட்டியாகி வாயுவை அடைத்துவைத்து வெடிக்கும். குறைந்தால் நீர்த்து ஓடும். 1,100 பாகைக்கு மேல் ஓடிவரும் ஹவாய்த் தீவின் பசால்ட்டுக்கும், இந்தோனேசிய எரிமலைகளின் வெடிப்புக்கும் உள்ள வேறுபாட்டின் பெரும் பங்கு இதில் அடங்கியிருக்கிறது.

ஒரே குழம்பிலிருந்து இத்தனை வகை எப்படி வரும் என்பதை விளக்கியவர், வாஷிங்டனின் ஆய்வுகூடமொன்றில் சிறு சிறு அளவில் குழம்புகளைச் செய்து, ஆற்றிப் பார்த்துக்கொண்டிருந்த கனடா நாட்டவரான நோர்மன் போவன். ஆறும் குழம்பில் கனியங்கள் ஒரே நேரத்தில் படிகமாவதில்லை என்று அவர் 1920களில் காட்டினார். முதலில் ஒலிவீன், அடுத்து பைரொக்சீன், பிறகு ஹோர்ன்பிளெண்ட், பயோட்டைட் என்ற கரு மைக்கா என்று ஒரு வரிசை இறங்க, அதே வேளையில் பெல்ஸ்பார் கல்சியத்தை விட்டுச் சோடியத்தை நோக்கி நகர்கிறது. கடைசியில் பொற்றாசியம் பெல்ஸ்பாரும் குவார்ட்ஸும் மிஞ்சுகின்றன. முன்னே பிறந்த கனமான படிகங்கள் அடியில் தங்கிவிட்டால், எஞ்சிய குழம்பு சிலிக்கா மிகுந்ததாக மாறிவிடும். பசால்ட் குழம்பு இவ்வாறு வடிகட்டப்பட்டு, சிறிதளவு கிரனைட் குழம்பையும் தரக்கூடும்.

பெயரிடுவதில் இருந்த குழப்பத்தைத் தீர்க்க, சுவிற்சர்லாந்தின் அல்பேர்ட் ஸ்ட்ரெக்கைசன் தலைமையில் 1970களில் ஓர் உலகப் பொது முறை வகுக்கப்பட்டது. அது எனக்கு மிகவும் பிடித்தமானது, ஏனென்றால் அதில் ஊகத்துக்கு இடம் குறைவு. எண்ணிப் பார்க்க வேண்டும். ஆழத் தீப்பாறை ஒன்றின் சீவலில் குவார்ட்ஸையும் இரு வகைப் பெல்ஸ்பார்களையும் மட்டும் எண்ணி, அவற்றைக் கூட்டி நூறாக்கி, அதில் குவார்ட்ஸ் 20 முதல் 60 வரையும், மொத்தப் பெல்ஸ்பாரில் கார வகை 35 முதல் 90 வரையும் இருந்தால் மட்டுமே அது கிரனைட். கடையில் பளபளப்பாக்கி ‘கிரனைட்’ என்று விற்கப்படும் கற்களில் பல இந்தக் கணக்கில் நிற்காது. கறுப்புக் கிரனைட் என்பது பெரும்பாலும் கப்ரோவோ டொலரைட்டோ தான். நம் சிற்பிகளிடமும் ஒரு வகைப்பாடு உண்டு. கல்லைத் தட்டி, எழும் ஓசையைக் கேட்டு, ஆண் கல், பெண் கல், அலிக் கல் என்று பிரிப்பார்கள். அது கல் எதற்கு உதவும் என்று கேட்கும் வகைப்பாடு. புவிச்சரிதவியலின் வகைப்பாடோ கல் எங்கே, எப்படிப் பிறந்தது என்று கேட்கிறது. இரண்டையும் நான் மதிக்கிறேன்.

பெரியப்பா உடைத்த கல்லை இந்த முறைக்குள் வைக்க முயன்றபோதுதான் பேராதனையில் எனக்குத் தடங்கல் வந்தது. அதில் குவார்ட்ஸ் இருந்தது, பெல்ஸ்பார் இருந்தது, எண்ணிக்கையும் கிரனைட்டுக்குப் பொருந்தியது. ஆனால் பயோட்டைட் தகடுகள் எல்லாம் ஒரே திசை பார்த்துப் படுத்திருந்தன. அமைதியாக இறுகும் குழம்பில் படிகங்கள் எல்லாத் திசையிலும் வளர்ந்து ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளும்; வரி வரியான ஓட்டம் வர வேண்டுமானால், பிறந்த பிறகு அந்தப் பாறை சூடாக்கப்பட்டு நசுக்கப்பட்டிருக்க வேண்டும். பெரியப்பா உளியின் நுனியில் உணர்ந்த ஓட்டம்தான் அந்தச் சான்று. அது நைஸ் என்னும் உருமாறிய பாறை. இலங்கையின் ஏறத்தாழ பத்தில் ஒன்பது பங்கு நிலம் இத்தகைய மிகப் பழைய உருமாறிய பாறைகளால் ஆனது. மத்திய மலைநாடு அவற்றுள் உயர்நிலத் தொகுதி என்று அழைக்கப்படும் பட்டையில் இருக்கிறது. 55 முதல் 61 கோடி ஆண்டுகளுக்கு முன், கொண்டுவானா என்ற பழைய பெருங்கண்டம் ஒன்றுசேர்ந்த மோதலில், இன்று நாம் தேயிலை பறிக்கும் பாறைகள் 25 கிலோமீற்றருக்கும் கீழே புதைந்து, 800 பாகை அளவான வெப்பத்தில் வெந்தன.

இதில் மிகவும் சிக்கலான உறுப்பினர் சார்னோகைட். புதிதாக உடைத்த முகத்தில் எண்ணெய் தடவியது போன்ற கரும்பச்சை மினுக்கம் உள்ள கல் அது. கல்கத்தா நகரத்தை நிறுவியவராகச் சொல்லப்படும் ஜோப் சார்னோக்கின் கல்லறைக் கல்லை ஆராய்ந்த புவிச்சரிதவியலாளர் தோமஸ் ஹோலண்ட், 1893இல் அந்தப் பெயரைச் சூட்டினார். அந்த வகைப் பாறைக்கு மூல இடமோ சென்னையின் பரங்கிமலையும் பல்லாவரமும். ஹைப்பர்ஸ்தீன் என்ற பைரொக்சீன் வகைக் கனியம் கொண்ட ஒரு கிரனைட்டே அது என்று தீப்பாறைப் பட்டியல் இன்றும் அதற்கு இடம் கொடுக்கிறது. ஆனால் சில இடங்களில் சாதாரண நைஸ் பாறையே, நீர் குறைந்த வாயு ஊடுருவிய வழிகளில், திட்டுத்திட்டாகச் சார்னோகைட்டாக மாறியிருப்பதைக் காண முடிகிறது; குருநாகலை நகருக்கருகிலுள்ள கற்குழிகள் இதற்காகவே உலகப் புவிச்சரிதவியலாளர்களிடையே பெயர்பெற்றவை. ஆக, ஒரே பெயருடைய கல், சில இடங்களில் குழம்பிலிருந்து பிறந்தது, சில இடங்களில் திண்மமாக இருந்தே மாறியது. தீப்பாறை, உருமாறிய பாறை என்று கரும்பலகையில் நாம் கீறும் கோடு, மலையில் அவ்வளவு தெளிவாக ஓடுவதில்லை.

நம் நைஸ்களுள் பல முதலில் கிரனைட் இனத்தைச் சேர்ந்த உண்மையான தீப்பாறைகளாகவே பிறந்தவை என்பதையும் அறிய முடிந்திருக்கிறது. அதைச் சொல்வது சிர்க்கோன் என்ற சிறு மணி. குழம்பு இறுகும்போது சிர்க்கோன் தன்னுள் சிறிது யுரேனியத்தைச் சேர்த்துக்கொள்கிறது, ஈயத்தை ஏற்றுக்கொள்வதில்லை. யுரேனியம் குறித்த வேகத்தில் ஈயமாக மாறுகிறது. யுரேனியம் 238 பாதியாகக் குறைய ஏறத்தாழ 447 கோடி ஆண்டுகள். எனவே மணியிலுள்ள ஈயத்தை அளந்தால் அது பிறந்த நாள் தெரியும். உயர்நிலத் தொகுதியின் சில நைஸ்களில், மணியின் நடுப்பகுதி 180 முதல் 200 கோடி ஆண்டுகளுக்கு முன் குழம்பில் பிறந்ததாகவும், அதைச் சுற்றியுள்ள மெல்லிய உறை 55 முதல் 61 கோடி ஆண்டுகளுக்கு முன் உருமாற்றத்தில் வளர்ந்ததாகவும் காட்டுகிறது. ஆறாம் ஆண்டில் நான் எழுதிக்கொண்டது முழுப் பொய்யும் அல்ல. கல் ஒரு காலத்தில் தீப்பாறை, இப்போது அல்ல.

நடராச வடிவத்துக்கு விளக்கம் எழுதியவராக மட்டுமே பெரும்பாலோர் அறிந்த ஆனந்த குமாரசுவாமியை இங்கே நினைக்காமல் இருக்க முடியவில்லை. 1903 முதல் 1906 வரை இலங்கைக் கனிய அளவைப் பணியின் முதல் பணிப்பாளராக இருந்தவர் அவர். கண்டி மாவட்டத்தின் அம்பகோட்டைக்கு அருகில், சுண்ணாம்புக்கல்லும் கிரானுலைட் என்ற உருமாறிய பாறையும் சந்திக்கும் எல்லையில் கிடைத்த ஒரு நீலக் கனியத்தை, அவரும் கனியவியலாளர் பிரயரும் 1903இல் விவரித்து, இத்தீவின் பழைய பெயரால் செரண்டிபைட் என்று அழைத்தார்கள். தமிழ் மாணவர்களுக்குப் பாறையியலில் முன்னோர் இல்லை என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை.

போவனின் வரிசைக்கு எங்கள் மலையில் இன்னொரு பயனும் உண்டு. மிக உயர்ந்த வெப்பத்தில் முதலில் பிறக்கும் கனியங்களே, தரையின் குளிரிலும் மழையிலும் முதலில் சிதைகின்றன என்று 1938இல் அமெரிக்கப் புவிச்சரிதவியலாளர் கோல்டிச் காட்டினார். கடைசியில் பிறக்கும் குவார்ட்ஸ் கடைசி வரை நிற்கிறது. பைரொக்சீனும் பயோட்டைட்டும் கரைந்து இரும்பை விட்டுச் செல்ல, அது துருவாகி எங்கள் மண்ணைச் சிவப்பாக்குகிறது, பெல்ஸ்பார் களியாகிறது, குவார்ட்ஸ் மணலாகி மகாவலியில் இறங்குகிறது. மழை நாளில் வழுக்கும் அந்தக் களி, ஊறிப் பாரமேறும்போது, சரிவையே இழுத்துக்கொண்டு போகக்கூடியது. 2014 ஒக்டோபர் 29இல் கொஸ்லந்தை மீரியபெத்தைத் தோட்டத்தில் லயங்கள் மண்ணுக்குள் போனதை மறக்காத எவரும், பெல்ஸ்பார் களியாகும் பாடத்தைப் பரீட்சைக்கு உரியதாக மட்டும் எண்ண மாட்டார்கள். மழை, சரிவின் கோணம், வடிகான், குடியிருப்பு அமைந்த இடம் என்று ஒவ்வொரு சரிவுக்கும் காரணங்கள் பல. ஆனாலும் காலடியில் இருப்பது பாறையா, சிதைந்த பாறையா என்று பார்க்கத் தெரிந்திருப்பது ஒரு தோட்டத்துப் பிள்ளைக்கு உரிய அறிவு என்றே நான் நினைக்கிறேன்.

உருமாறாத தீப்பாறையைக் கையால் தொட வேண்டுமானால், புத்தளம் பக்கம் தோணிகலையின் இளஞ்சிவப்புக் கிரனைட்டுக்குப் போகலாம். அவ்வளவு தூரம் போகாமலும் முடியும். நைஸ் மலைகளைக் குறுக்கே வெட்டிக்கொண்டு, குழம்பின் கடைசி எச்சம் இறுகி உண்டான பெக்மடைட் நரம்புகள் பல இடங்களில் ஓடுகின்றன. மாத்தளை மாவட்டத்தின் ஓவல, கைக்காவலப் பகுதிகளில் அவை பெரிதாக இருப்பதால், பீங்கான் தொழிலுக்குப் பெல்ஸ்பார் அங்கே தோண்டப்படுகிறது. அந்த எச்சத்தில் நீர் மிகுந்திருப்பதால் அணுக்கள் எளிதாக நகர்ந்து, படிகங்கள் மிகப் பெரிதாக வளர்கின்றன. மெதுவாக ஆறினால் மட்டுமே பெரிய படிகம் என்று மனப்பாடம் செய்தவர்களுக்கு இது ஒரு திருத்தம்.

எங்கள் பாடசாலைக்கு மேலே, பாதை வெட்டிய வளைவில், அப்படி ஒரு நரம்பு இருக்கிறது. இரண்டு முழம் அகலம். நைஸின் வரிகள் ஒரு பக்கம் சாய்ந்து ஓட, இது அவற்றைக் குறுக்கே அறுத்துக்கொண்டு வெள்ளையாகக் கீழே இறங்குகிறது. சென்ற தவணையில் பத்தாம் ஆண்டு மாணவர்களை அங்கே கூட்டிச் சென்று, எது மூத்தது, எது இளையது என்று மட்டும் கேட்டேன். “வெட்டுறதுதான் சேர் பின்னால வந்திருக்கணும். வெட்டுப்படுறதுக்கு அது முந்தியே இருக்கணுமே,” என்றாள், கிளென் டில்ட்டைப் பற்றி இன்னும் கேள்விப்பட்டிராத ஒரு பிள்ளை. அடிமட்டத்தை எடுத்துப் பெல்ஸ்பார் படிகங்களை அளக்கச் சொன்னேன். ஓரத்தில் 1 சென்ரிமீற்றர், சற்று உள்ளே 4, நடுவில் 9 என்று அவர்கள் ஒருவர் பின் ஒருவராகச் சொல்லச் சொல்ல, நான் நோட்டில் குறித்துக்கொண்டேன்.